பழைய நோயும் புதிய கிறுகிறுப்பும்

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

நம் வட்டாரத்தில் 'மயக்கம்' என்ற சொல் சுமக்கின்ற பாரம் கொஞ்சநஞ்சமன்று. திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கிக் கரிமூட்டம் போடுகிறவர் வெயிலில் சுருண்டு விழுந்தாலும் மயக்கம். காலையில் சாப்பிடாமல் பேருந்தேறி வந்த மாணவி வகுப்பில் சாய்ந்தாலும் மயக்கம். படுக்கையில் புரண்ட பாட்டி, வீட்டு விட்டம் சக்கரமாய்ச் சுழலக் கண்டு பாயைப் பற்றிக்கொண்டு அலறினாலும் அதே மயக்கந்தான். காரணம் கேட்டால் பித்தம் என்பர். மருந்து கேட்டால் எலுமிச்சம்பழச் சாறு என்பர். எலுமிச்சை மீது எனக்குக் கோபம் ஏதும் இல்லை. ஆனால் ஒரே சொல்லுக்குள் நான்கைந்து நோய்களைப் போட்டு மூடி வைத்தால், அவற்றுள் எளிதில் தீரக்கூடியதும் தீராமலே கிடந்து விடுகிறது.

அவ்வாறு மூடிக் கிடக்கும் ஒன்றைப் பற்றியே எழுத எண்ணினேன். உட்செவியில் ஏற்கெனவே நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கு, தலையைச் சாய்க்கும்போதும் நிமிர்த்தும்போதும் மட்டும் புதிதாக வந்து சேரும் கிறுகிறுப்பு அது. பழைய நோயின் நிழலில் இது ஒளிந்து கொள்கிறது. நோயாளியும் வீட்டாரும், சில சமயம் மருத்துவரும்கூட, 'அதே நோய்தான் முற்றி விட்டது' என்று எண்ணி விடுகிறார்கள்.

வெயில் மயக்கத்தை முதலில் தனியே எடுத்து வைத்து விடுவோம். நம் ஊர்ச் சித்திரை வைகாசியில் உடம்பு நீரையும் உப்பையும் வியர்வையாக இழக்கிறது. களையெடுத்துக் கொண்டிருந்தவர் சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கி, மூளைக்குப் போகும் இரத்தம் சிறிது நேரம் குறைகிறது. கண் இருட்டுகிறது; காது அடைக்கிறது; கால் துவள்கிறது. ஆனால் எதுவும் சுற்றுவதில்லை. படுத்தால் சரியாகிறது. நான் சொல்லப் போவதோ இதற்கு நேர்மாறானது. அது படுக்கும்போதுதான் வரும்; வந்தால் வீடே சுற்றும். கண் இருட்டுவது வேறு, உலகம் சுழல்வது வேறு. மருத்துவரிடம் போகும்போது இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

இனிச் செவிக்குள் புகுவோம். காது கேட்பதற்கு மட்டுமே அமைந்தது என்று பள்ளிப் பருவத்தில் நாம் எண்ணியிருந்தோம். உட்செவியில் கேட்பதற்கான நத்தைச் சுருள் ஒரு புறம் இருக்க, உடலின் சமநிலையைக் காக்கும் கருவிகள் மறுபுறம் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழல்கள். அவற்றின் அடியில் யூட்ரிகுலஸ், சாக்குலஸ் என்னும் இரண்டு பைகள்.

குழல்களின் வேலையை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு சொம்பில் நீர் நிரப்பி, மேலே ஒரு வைக்கோல் துரும்பை மிதக்க விட்டு, சொம்பைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். சொம்பு திரும்பும், துரும்பு நின்ற இடத்திலேயே நிற்கும். நீர் பின்தங்குகிறது. தலை திரும்பும்போது குழலுக்குள் இருக்கும் நீரும் இப்படித்தான் பின்தங்குகிறது. குழலின் ஒரு முனையில் குறுக்கே நிற்கும் கூழ் போன்ற திரையை அது வளைக்கிறது. திரைக்குள் புதைந்த உணர்மயிர்கள் சாய, 'தலை இந்தப் பக்கம் திரும்புகிறது' என்ற செய்தி மூளைக்கும், அங்கிருந்து கண் தசைகளுக்கும் போகிறது. சிறு வயதில் தட்டாமாலை சுற்றி நின்றவுடன் தெருவே எதிர்ப்பக்கம் சுற்றியது நினைவிருக்கும். நாம் நின்ற பிறகும் அந்த நீர் ஓடிக்கொண்டிருந்ததே காரணம்.

பைகளின் வேலை வேறு. அவற்றில் பசை போன்ற ஒரு படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஆனால் நீரைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் அடர்த்தி உடையவை. தலை சாய்ந்தால் இவை தம் எடையால் நழுவ முயன்று, 'கீழ் எது, மேல் எது' என்பதைத் தெரிவிக்கின்றன. விலங்கியல் மாணவர்க்கு இவ்விடத்தில் ஒரு பழைய சோதனை நினைவுக்கு வரும். இறால் தோலுரிக்கும்போது தன் சமநிலைப் பையிலுள்ள மணலையும் சேர்த்தே உதிர்த்துவிட்டு, புது மணலை எடுத்து நிரப்பிக்கொள்ளும். வியன்னாவைச் சேர்ந்த கிரைடில் என்பவர் 1893இல் தொட்டியில் மணலுக்குப் பதிலாக இரும்புத் தூளை வைத்தார். இறால்கள் அதையே எடுத்து நிரப்பிக்கொண்டன. பிறகு காந்தத்தை மேலே காட்டினார். இறால் மல்லாந்து நீந்தியது! அதன் உலகில் 'கீழ்' என்பது காந்தம் இருக்கும் பக்கமாகி விட்டது. கல் சொல்வதையே உயிர் நம்புகிறது.

அந்தக் கற்கள் இடம் தவறினால்? அதுதான் நம் கதை. யூட்ரிகுலஸில் ஒட்டியிருந்த துகள்கள் சில கழன்று அரைவட்டக் குழலுக்குள் புகுந்து விடுகின்றன. பெரும்பாலும் பின்புறக் குழலுக்குள். நாம் நின்றாலும் படுத்தாலும் தாழ்வாகத் தொங்குவது அதுவே. குழலின் நீருக்கும் திரைக்கும் அடர்த்தி ஒன்றாகையால், புவியீர்ப்பு அங்கே பொதுவாகச் செல்லாக்காசு. கனமான துகள்கள் புகுந்தபின் நிலைமை மாறுகிறது. படுக்கையில் ஒருபுறம் புரள்கிறோம், குழல் சாய்கிறது, துகள்கள் உருண்டு இறங்குகின்றன, இறங்கும்போது நீரை இழுக்கின்றன, திரை வளைகிறது. தலை அசையாமல் கிடக்கிறது, செவியோ 'சுழல்கிறாய், சுழல்கிறாய்' என்று கூவுகிறது. துகள் உருளத் தொடங்கச் சில நொடிகள் ஆவதால், புரண்டவுடன் அன்றி ஓரிரு நொடி கழித்தே சுற்றல் தொடங்கும். தாழ்ந்த இடத்தை அடைந்ததும் துகள்கள் நின்றுவிடும்; சுற்றலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். எழுந்தால் மறுபடி ஒரு முறை.

இதை 1921இல் முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் ராபர்ட் பாரனி. 27 வயதுப் பெண் ஒருவருக்குத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால் மட்டும் சுற்றல் வந்ததையும், அப்போது கண்மணிகள் துடித்துச் சுழன்றதையும் அவர் கண்டார். இந்தப் பாரனி உட்செவி ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர். பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. விடுதலையாகி 1916இல்தான் ஸ்டாக்ஹோமில் பரிசைப் பெற்றார்.

அவருக்கும் அறுபது ஆண்டுகள் முந்தியது மெனியேயின் கதை. பாரிஸில் செவிடர் ஊமையர் நிலையத்தின் மருத்துவராக இருந்தவர் அவர். காதிரைச்சலும் கேள்விக் குறைவும் சேர்ந்து வரும் பெருஞ்சுற்றல் மூளையில் பிறப்பதன்று, உட்செவியில் பிறப்பது என்று 1861இல் அறிவித்தார். மறு ஆண்டே காலமானார். இன்று அந்த நோய் அவர் பெயராலேயே 'மெனியே நோய்' எனப்படுகிறது. உட்செவியின் நீர்ப்பை உப்பி வீங்குவது இந்நோயில் காணப்படும் மாற்றம் என்று 1938இல் லண்டனில் ஹால்பைக்கும் கெயின்ஸும், தனித்து ஜப்பானில் யமகவாவும் கண்டனர்.

ஹால்பைக் என்ற பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். 1900இல் அன்றைய இந்தியாவின் மரீ மலையூரில் பிறந்தவர். மெனியே நோயின் வீக்கத்தைக் கண்ட அவரே, 1952இல் மார்கரெட் டிக்ஸ் என்ற பெண் மருத்துவருடன் சேர்ந்து, நிலைமாற்றக் கிறுகிறுப்பு உள்ள நூறு பேரைச் சோதித்து, அதைக் கண்டறியும் முறையையும் வகுத்தார். நோயாளியை உட்கார வைத்து, தலையை 45 பாகை ஒருபுறம் திருப்பி, சட்டென மல்லாக்கச் சாய்த்து, தலை படுக்கையின் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்குமாறு பிடித்துக்கொண்டு கண்களைப் பார்ப்பது. அவ்வளவே. கருவி வேண்டா, மின்சாரம் வேண்டா. இரண்டு நோய்களையும் ஒரே மனிதர் ஆராய்ந்திருக்க, இரண்டும் ஒரே காதில் குடியிருக்கக் கூடும் என்பதை நாம் மறந்துபோவது விந்தைதான்.

நான் இதையெல்லாம் படிக்கத் தொடங்கியது பாடத்துக்காக அன்று. அருப்புக்கோட்டையில் குழித்தறி நெய்யும் என் பெரியம்மாவுக்கு ஒன்பது ஆண்டுகளாக வலக்காதில் மெனியே நோய். காதுக்குள் ஆலைச் சங்கு ஊதுவதுபோல் இரைச்சல் எழும், காது அடைக்கும், பிறகு இரண்டு மணி, மூன்று மணி நேரம் சுற்றலும் வாந்தியும். ஆண்டுக்கு நான்கைந்து முறை. உப்பைக் குறைத்து, மாத்திரை உண்டு, அதனோடு வாழப் பழகியிருந்தார். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஐப்பசியில் நிலைமை மாறியது. அன்றாடம் வந்தது. அறுந்த இழையைப் பிணைக்கக் குனிந்தால் வந்தது. பரணிலிருந்து தார்ப்பெட்டியை எடுக்க அண்ணாந்தால் வந்தது. "வலப்பக்கம் ஒருக்களிச்சாப் போதும் தாயி, கட்டிலோட தூக்கிக் கெணத்துல போட்ட மாதிரி இருக்கு" என்பார். நோய் முற்றிவிட்டதென்று மாத்திரை கூட்டப்பட்டது. பகலெல்லாம் தூக்கம். சுற்றல் அப்படியே இருந்தது. தறிக்குழிக்குள் இறங்கவே அஞ்சினார். தறியை விற்றுவிடலாம் என்று அண்ணன் விலைகூடப் பேசி விட்டார்.

அந்த வாரத்தில்தான் மதுரையில் வேறொரு காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஐம்பது கிலோமீட்டர் பேருந்துப் பயணம் முழுவதும் கழுத்தை அசைக்காமல் பொம்மை போல் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, "எவ்வளவு நேரம்மா சுத்துது?"

"முப்பது எண்ணி முடிக்குமுன்ன நின்னுருது சார். ஆனா அதுக்குள்ள உசுரு போயிட்டு வந்துருது."

"அப்ப காது அடைக்குதா? இரைச்சல் கூடுதா?"

பெரியம்மா யோசித்தார். "இல்லையே சார்."

அவர் டிக்ஸ் ஹால்பைக் சோதனையைச் செய்தார். வலப்புறம் சாய்த்ததும் முதலில் ஒன்றுமில்லை. பிறகு பெரியம்மாவின் கண்மணிகள் மேல்நோக்கித் துள்ளித் துள்ளிச் சுழன்றதை நானே பார்த்தேன். அரை நிமிடத்தில் நின்றன. இடப்புறம் சாய்த்தபோது கண்கள் அசையவில்லை. "பழைய நோய் பழையபடிதான் இருக்கு, இது அதே காதுல வந்திருக்கிற வேற ஒண்ணு" என்றார் மருத்துவர். அதே படுக்கையில் அப்போதே சிகிச்சையும் நடந்தது.

அந்தச் சிகிச்சை அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரத்து மருத்துவர் ஜான் எப்லி வகுத்தது. துகள் குழலுக்குள் கிடக்கிறது. குழலின் வளைவு நமக்குத் தெரியும். அப்படியானால் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை வந்த வழியே யூட்ரிகுலஸுக்குத் திருப்பி அனுப்ப முடியாதா என்று அவர் எண்ணினார். நோயுள்ள பக்கம் தலையைத் தொங்கவிட்டுச் சிறிது நேரம் நிறுத்துவது, பிறகு தலையை மறுபக்கம் திருப்புவது, பிறகு உடலையும் சேர்த்துப் புரட்டி முகம் தரையை நோக்க வைப்பது, கடைசியாக உட்கார்த்துவது. ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. அறுவையில்லை, ஊசியில்லை. 1980இல் அவர் இதை மருத்துவர் கூட்டத்தில் எடுத்துரைத்தபோது பலர் நம்பவில்லை. கட்டுரை அச்சேற 1992 ஆயிற்று. அதே ஆண்டில் கனடாவில் பார்னஸ், மெக்ளூர் என்னும் இருவர், அறுவையின்போது பின்புறக் குழலுக்குள் துகள்கள் மிதப்பதைக் கண்ணாலேயே கண்டதாக எழுதினர். எளிய தீர்வை நம்புவதற்குப் படித்தவர்க்குத்தான் அதிக நாள் பிடிக்கிறது போலும்.

மெனியே நோயர்க்கு ஏன் இது வந்து சேர்கிறது? நீர்ப்பை அடிக்கடி உப்பி வடிவதால் யூட்ரிகுலஸ் படலம் நைந்து துகள்கள் கழல்கின்றன என்று கருதுகின்றனர். தலையில் அடிபட்டவர்க்கும், சமநிலை நரம்பில் அழற்சி வந்தவர்க்கும், நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்க்கும், முதியோர்க்கும் வருவதுண்டு. எந்தக் காரணமும் இல்லாமல் வருவதே பெரும்பான்மை. ஆனால் மெனியே நோயரிடம் இது சற்றுப் பிடிவாதம் காட்டும். மற்றவர்க்கு ஓரிரு முறையில் தீர்வது இவர்களுக்குப் பல முறை வேண்டியிருக்கும். தீர்ந்த பின்னும் திரும்ப வரும். பெரியம்மாவுக்கு முதல் முறையில் பாதி குறைந்தது. அடுத்த வாரம் மீண்டும் செய்தபின் நின்றது. ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது, மறுபடி செய்தார்கள். மெனியே நோய் அது பாட்டுக்கு இருக்கிறது. அதை இந்தச் சிகிச்சை தொடுவதே இல்லை.

மாத்திரைகளைப் பற்றி ஒரு சொல். சுற்றலை அடக்கும் மாத்திரைகள் குழலுக்குள் கிடக்கும் கல்லை அசைக்க மாட்டா. வாந்தி மிகுந்த நாளில் அவை உதவும். மாதக் கணக்கில் உண்டால் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தருவதோடு, மூளை தானே சமாளிக்கப் பழகுவதையும் தாமதப்படுத்தும். ஆனால் மெனியே நோய்க்கு மருத்துவர் தந்ததை நாமாக நிறுத்தவும் கூடாது.

இரண்டையும் பிரித்தறிய மணிக்கட்டிலுள்ள கடிகாரமே போதுமான கருவி. மெனியே நோயின் சுற்றல் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிப்பது என்று 2015இல் உலக அறிஞர்கள் வரையறுத்தனர், அதனுடன் காதடைப்பும் இரைச்சலும் கேள்வி ஏற்ற இறக்கமும் இருக்கும், உட்கார்ந்திருக்கும்போதும் வரும். கல்லால் வரும் சுற்றலோ நொடிக் கணக்கு, தலை அசைந்தால்தான் வரும், கேள்வியில் மாற்றமிராது. மூன்றாவதாக, நம் கிராமங்களில் மிகுதியாகக் காணும் ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறு வயது முதல் காதில் சீழ் வடிபவர்கள் உள்ளனர். கொதித்த எண்ணெயும் பச்சிலைச் சாறும் ஊற்றியே காலந்தள்ளுவார்கள். அச்சீழ்நோய் எலும்பை அரித்து அரைவட்டக் குழலைத் திறந்து விட்டால், காதின் முன்மடலை அழுத்தினாலே சுற்றும். அவர்களுக்குத் தலையைப் புரட்டும் சிகிச்சை பயன்படாது. அறுவை வேண்டியிருக்கும், காலந்தாழ்த்தலும் ஆகாது. நாக்குழறல், பொருள் இரண்டாகத் தெரிதல், கைகால் மரத்தல், முன்பில்லாத கடுந்தலைவலி ஆகியவற்றோடு சுற்றல் வந்தால் அது காதின் வேலையன்று. அன்றே, அப்போதே பெரிய மருத்துவமனை.

கைப்பேசியில் படம் பார்த்து வீட்டிலேயே தலையைப் புரட்டுவோரும் உளர். எந்தக் காது, எந்தக் குழல் என்று முதலில் தெரிய வேண்டும். கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவரைத் தலைதொங்கப் போடுவது கேடு. முதல் முறையேனும் மருத்துவர் கையால் நடப்பதே நலம். மதுரைக்குத்தான் போக வேண்டும் என்பதும் இப்போது இல்லை. 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

அரை நிமிடச் சுற்றல்தானே என்று நகரத்தார் கேட்கலாம். நம் ஊரில் அது எங்கே வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். உடல் சாயாமல் நிற்க மூன்று துணைகள்: செவி, கண், பாதம். மல்லிகை பறிக்கப் போகிறவர் விடியுமுன் இருட்டில் எழுகிறார், கண் துணையில்லை. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலில் நடக்கிறார். பாதத்தின் துணையும் பாதிதான். மிச்சமிருக்கும் செவியும் பொய் சொன்னால், வழியில் கைப்பிடிச்சுவரில்லாத கிணறு இருக்கிறது. குடத்தை எடுக்கக் குனிவதும், தலையில் ஏற்றி நிமிர்வதும், பனையேறுகிறவர் பாளையை நோக்கி அண்ணாந்து பார்ப்பதும் துகளை உருட்டும் அசைவுகளே. பெரியம்மா இப்போது விழித்தவுடன் எழுவதில்லை. ஒருக்களித்து, கையூன்றி உட்கார்ந்து, முப்பது எண்ணிய பிறகே கால் ஊன்றுகிறார். இரவில் தலைமாட்டில் டார்ச் விளக்கு இருக்கிறது. தார்ப்பெட்டி பரணிலிருந்து இறங்கி இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.

கடைசியாக அவருடைய நாட்காட்டி. மருத்துவர் சொன்னபடி, மணிக்கணக்கில் சுற்றிய நாளுக்கு வட்டம், நொடிக்கணக்கில் சுற்றிய நாளுக்குக் கோடு. பக்கத்தில் எந்தப் பக்கம் புரண்டபோது என்று 'வ' அல்லது 'இ'. இரண்டாம் வகுப்போடு நின்றவர் அவர். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். மருத்துவர் வேறெந்தக் காகிதத்தையும் கேட்பதற்கு முன் அதைத்தான் வாங்கிப் பார்க்கிறார். இந்த ஆண்டு தை முதல் ஆவணி முடிய மூன்று வட்டம், ஆறு கோடு. ஆறும் மாசியில், ஒரே வாரத்தில். தறி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.